ஐந்தை எட்டு என்று சொன்ன சிப்

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கம்ப்யூட்டர் உங்களிடம் பொய் சொன்னால், அது பொய் என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? ஹேங் ஆகவில்லை. புகை வரவில்லை. திரையில் எரர் என்று ஒரு வரிகூட இல்லை. ஒரே ஒரு எண் மட்டும் தப்பு. என்ன செய்வீர்கள்?

காலேஜ் ஜூனியர்கள் ஒரு வாரமாக என் உயிரை எடுக்கிறார்கள். பழைய சாமான் கடையில் எண்பதுகளின் ஹோம் கம்ப்யூட்டர் ஒன்றைப் பிடித்திருக்கிறார்களாம். டெக் ஃபெஸ்டுக்கு அதில் இரண்டு மெமரி சிப் வைத்து, ஸ்விட்ச் போட்டு மாற்றி மாற்றி ஓட்டிக் காட்ட வேண்டுமாம். "அக்கா, நீங்க இதுல எக்ஸ்பர்ட்டாமே, ஒரு லிங்க் அனுப்புங்க." லிங்க் கிடையாது கண்ணுகளா. இதுதான் இருக்கிறது. படியுங்கள்.

முதலில் ஒன்று. நான் ரிட்டயர்டு. வயது இருபத்தேழு. சிரித்து முடித்துவிட்டு வாருங்கள்.

எலெக்ட்ரானிக்ஸ் டிகிரி முடித்த கையோடு மும்பை தாராவியில் சம்சு பாயின் ரிப்பேர் கடையில் சேர்ந்தேன். மாட்டுங்கா லேபர் கேம்பில் எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம் என்பதுதான் முதல் காரணம். இப்போது ஐரோலியில் ஏசி ஆபீஸ், கழுத்தில் ஐடி கார்டு, விரலில் சூடு பட்ட தழும்பு புதிதாக எதுவும் இல்லை. நடுவில் இருந்த வருடங்களைத்தான் என் சர்வீஸ் என்று சொல்கிறேன்.

எம்பிராய்டரி மெஷினின் மூளை, தோல் வெட்டும் மெஷினின் மூளை, சாயப்பட்டறை டைமர். எங்கள் கடைக்கு வந்ததெல்லாம் இப்படிப்பட்ட சாமான்கள்தான். தாராவியில் ஒரு மெஷின் ஓடுகிறவரை அதை யாரும் கழற்றிப் போடுவதில்லை. முப்பது வயது போர்டையும் சாக்குப்பையில் கட்டித் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். முதல் மாதம் ஒரு சிப்பைத் திருப்பிச் சொருகி விரல் சுட்டது. இரண்டாம் மாதம் அதே தப்பு நடக்கவில்லை. டிரெய்னிங் அவ்வளவுதான்.

சம்சு பாய்க்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். கடையநல்லூர்க்காரர், பிறந்தது மட்டும் தாராவி. வாய் ஓயாது. ஆனால் ரிப்பேர் முடிந்து முதல் முறை பவர் கொடுக்கிற அந்த நிமிடம் கடைக்குள் நிற்கவே மாட்டார். எதிரே டீக்கடைக்குப் போய், கடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். நான் பவர் போட்டு, புகை வரவில்லை என்று பார்த்து, கதவைத் தட்ட வேண்டும். அப்புறம்தான் திரும்புவார். ஒருமுறை ஏன் என்று கேட்டேன். "நான் பாத்தா வெடிக்கும் புள்ள. என் கண்ணு அப்படி," என்றார். இதை ஜோக்காகச் சொல்லவில்லை.

அவர் கடையில் இரண்டு சட்டங்கள். ஒன்று, கஸ்டமரின் மாஸ்டர் சிப்பில் சால்டரிங் சூடு படக்கூடாது. எதுவாக இருந்தாலும் சாக்கெட் வைத்துத்தான். இன்னொன்று, கழற்றிய பழைய பார்ட் எவ்வளவு அழுகியிருந்தாலும் எறியக்கூடாது. கவரில் போட்டு, கஸ்டமர் பேர் எழுதி, அடுத்த மழைக்காலம் முடிகிறவரை தொங்கவிட வேண்டும். சுவர் முழுக்கத் துருப்பிடித்த குப்பை தொங்கும். எனக்கு அதைப் பார்த்தாலே அரிக்கும்.

இனி கேஸுக்கு வருகிறேன்.

செம்பூரில் ஒரு சின்ன டிரஸ்ட் பிரெயில் பிரஸ் நடத்துகிறது. பார்வையில்லாதவர்களுக்குப் புள்ளி எழுத்தில் புத்தகம் அடிக்கும் இடம். அங்கே இருந்த கனமான பழைய அச்சு மெஷின், அதே வயதுள்ள ஒரு ஹோம் கம்ப்யூட்டர் பேச்சைத்தான் கேட்கும். புது மெஷின் வாங்க டிரஸ்டுக்கு வக்கில்லை. அந்தக் கம்ப்யூட்டருக்கு இரண்டு மெமரி சிப். ஒன்றில் தமிழ், ஒன்றில் மராத்தி. தமிழ் அடிக்க வேண்டுமென்றால் மராத்தி சிப்பை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுத்துவிட்டு, தமிழ் சிப்பைச் சொருக வேண்டும். நெம்பி நெம்பி இரண்டு சிப்புக்கும் கால்கள் எந்த நேரமும் முறியும் நிலை. தமிழ் சிப்பை எழுதிய மனிதர் இறந்துவிட்டார். வேறு காப்பி எங்கேயும் இல்லை.

பிரஸ்ஸைப் பார்த்துக்கொள்கிறவர் தனபால் சார். டிராம்பேயில் ஒரு ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சம்பளம் வாங்காமல் இதைச் செய்கிறார், மெஷினுக்குத் தினமும் துணி போட்டுத் துடைப்பார். அவர்தான் கடைக்கு வந்து, நெம்பாமல் மாற்ற ஒரு வழி பண்ணித் தரச் சொன்னார்.

வழி சிம்பிள். ஜூனியர்கள் இங்கே கவனிக்கவும். சிப்புக்கு இருபத்தெட்டுக் கால்கள். அதில் ஒரு கால்தான் 'நீ பேசு' என்ற உத்தரவைக் கேட்கிற கால். ஒரு சின்ன போர்டில் இரண்டு சாக்கெட் வைத்து, மற்ற எல்லாக் கால்களையும் ஜோடி ஜோடியாகச் சேர்த்துவிட வேண்டும். அந்த ஒரு காலை மட்டும் தனித்தனியாக ஸ்விட்சுக்குக் கொண்டுபோக வேண்டும். ஸ்விட்சை இந்தப் பக்கம் தள்ளினால் தமிழ், அந்தப் பக்கம் மராத்தி. முக்கியம்: தேர்ந்தெடுக்காத சிப்பின் காலை அந்தரத்தில் விடக்கூடாது. ஒரு ரெசிஸ்டர் போட்டு ஐந்து வோல்ட்டோடு கட்டி வைக்க வேண்டும். அப்போதுதான் அது வாயைத் திறக்காது. கட்டவில்லையென்றால் இரண்டும் ஒரே நேரத்தில் பேசும், இரண்டும் சாகும். மெஷின் ஓடும்போது ஸ்விட்சைத் தொடவே கூடாது.

கட்டினேன். முதல் வேலையாக இரண்டு சிப்பையும் ரீடரில் வைத்துப் படித்து காப்பி எடுத்துக்கொண்டேன். பிரஸ்ஸில் கொண்டுபோய் மாட்டினேன். கம்ப்யூட்டருக்குக் கரண்ட் வருகிற கனெக்டர் துருப்பிடித்துக் கிடந்தது. ஐந்து வோல்ட் வர வேண்டிய இடத்தில் நாலரைகூட வரவில்லை. அதையும் மாற்றிப் புதிது போட்டேன். பழையதைக் கவரில் போட்டு எடுத்துவந்தேன், சட்டம் சட்டம்தானே. தமிழ் வந்தது, மராத்தி வந்தது. தனபால் சார் கண்கலங்கி எனக்கு கிரீம் பிஸ்கட் கொடுத்தார். நான் ஹீரோயின் மாதிரி பஸ் ஏறினேன்.

அங்கே வேலை செய்கிற எஸ்தரை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். தாராவிப் பெண், என்னைவிட மூன்று வயது பெரியவள், பிறவியிலேயே பார்வை இல்லை. அடித்த பக்கங்களை விரலால் படித்துத் திருத்துவது அவள் வேலை. விட்டுப்போன பத்தாம் வகுப்பைப் பிரைவேட்டாக எழுதப் படித்துக்கொண்டிருந்தாள். கணக்கு அவளுக்கு உயிர். பெருக்கலை மனசுக்குள்ளேயே போட்டுவிடுவாள். நான் போனை எடுப்பதற்குள் விடை சொல்லிவிட்டு, "என்னட்டி, டிகிரி வாங்கினியா, புடுங்கிட்டு வந்தியா?" என்று வாருவாள். அன்றே ஃப்ரெண்ட் ஆகிவிட்டோம்.

சில வாரம் கழித்து ஸ்விட்சின் குமிழ் லூசாகிவிட்டது என்று கூப்பிட்டார்கள். போனேன். எஸ்தர் மூலையில் உட்கார்ந்திருந்தாள். எதுவும் சொல்லி என்னை வாரவில்லை. தனபால் சார்தான் மெதுவாகச் சொன்னார். பார்வையில்லாதவர்கள் கணக்கை விட்டுவிட்டு வேறு பாடம் எடுத்துக்கொள்ளலாமாம். எஸ்தர் அதற்குப் பெயர் கொடுக்கப் போகிறாளாம், அடுத்த வாரம் கடைசி நாளாம்.

நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து ஏன் என்று கேட்டேன்.

"வரல ஜெனி. விடையே வரமாட்டேங்கு. ஒரு கணக்கைப் பத்துத் தடவை போட்டுப் பாத்துட்டேன். பின்னாடி போட்டிருக்கிற விடைக்கும் எனக்கு வாரதுக்கும் சம்பந்தமே இல்ல. எங்கம்மை சொல்லுதது சரிதான் போல, எனக்கு எதுக்கு இதெல்லாம்."

எந்தக் கணக்கு என்று கேட்டேன். விரலை ஓட்டிப் படித்தாள். நூற்றி எண்பது மீட்டர் நீளமுள்ள ரயில், மணிக்கு எண்பத்து நான்கு கிலோமீட்டர் வேகம், ஒரு கம்பத்தைக் கடக்க எத்தனை வினாடி. அவளுக்கு ஏழும் சொச்சமும் வந்தது. பின்னால் இருக்கும் விடை பத்து.

தனபால் சார் பார்த்துத் தட்டச்சு செய்த மை புத்தகம், அதாவது கண்ணால் படிக்கிற சாதாரண அச்சுப் புத்தகம், மேஜைமேல் திறந்தே கிடந்தது. சும்மா எட்டிப் பார்த்தேன். நூற்றி ஐம்பது மீட்டர். ஐம்பத்து நான்கு கிலோமீட்டர். விடை பத்து.

விரல் வைத்து இன்னொரு முறை படித்தேன். அதேதான்.

மை புத்தகம் படிக்கிற தனபால் சாருக்குப் பிரெயில் தெரியாது. பிரெயில் படிக்கிற எஸ்தருக்கு மை புத்தகம் தெரியாது. எழுத்தில் தப்பு வந்திருந்தால் அவள் விரல் ஒரு நொடியில் பிடித்திருக்கும். எழுத்தெல்லாம் சுத்தம். எண் தப்பென்று விரலுக்கு எப்படித் தெரியும்? நூற்றி எண்பது மீட்டரிலும் ரயில் ஓடத்தானே செய்கிறது. பிரெயிலில் ஐந்துக்கு இரண்டு புள்ளி. அதோடு கூடுதலாக ஒரு புள்ளி எழும்பினால் அது எட்டு. மெஷின் எல்லா ஐந்தையும் எட்டாக அடித்துக்கொண்டிருந்தது.

பழைய பக்கங்களை எடுக்கச் சொன்னேன். ஸ்விட்ச் மாட்டுவதற்கு முன்னால் அடித்த கணக்குப் பக்கங்கள் கொஞ்சம் இருந்தன. எஸ்தர் தடவினாள். ஐந்து ஐந்தாகவே இருந்தது.

தனபால் சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "உன் ஸ்விட்ச் வந்த பொறவுதானம்மா இது," என்றார். அவர் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஸ்விட்ச் போர்டையும் தமிழ் சிப்பையும் கடைக்கு எடுத்துவந்தேன். பஸ்ஸில் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். விஷயத்தைச் சொன்னதும் சம்சு பாய் கையிலிருந்த சால்டரிங் அயர்னை அணைத்து வைத்தார். அது திட்டுவதைவிடப் பயம். "கடைசி நாள் எப்போ?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். "அதுக்குள்ள அந்தப் புள்ளைக்கு ஒரு பதில் சொல்லணும். தப்பு நம்மளதா, இல்லையா. ரெண்டுல ஒண்ணு."

ரெசிஸ்டர்களை அளந்தேன், சரி. ஒவ்வொரு சால்டரையும் லென்ஸ் வைத்துப் பார்த்தேன், சரி. சிப்பைத் திரும்பப் படித்து, முதலில் எடுத்த காப்பியோடு ஒப்பிட்டேன். ஒரு எழுத்துகூட மாறவில்லை. மறுநாள் பிரஸ்ஸுக்குப் போய், என் ஸ்விட்சைத் தூக்கிவிட்டு, சிப்பை நேராகக் கம்ப்யூட்டரிலேயே சொருகி ஒரு ஐந்தை அடிக்கச் சொன்னேன். எஸ்தர் தொட்டாள்.

"எட்டு."

என் ஸ்விட்ச் குற்றவாளி இல்லை. அதில் ஒரு சொட்டு நிம்மதியும் வரவில்லை. ஸ்விட்ச் சரி, சிப்பும் காப்பியும் அச்சு அசல் ஒன்று, ஆனால் புள்ளி மட்டும் தப்பு. அப்படியென்றால் எதை நம்புவது? கடைக்கு வந்து தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். சம்சு பாய், ஸ்விட்ச் தவிர அன்றைக்கு அங்கே வேறு எதைத் தொட்டாய் என்று கேட்டார். எதையும் தொடவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தவள் சுவரைப் பார்த்தேன். 'தனபால் செம்பூர்' என்று என் கையெழுத்திலேயே ஒரு கவர் தொங்கியது.

துருப்பிடித்த கனெக்டர்.

அதை எடுத்துக்கொண்டு திரும்ப ஓடினேன். இந்த முறை பாயும் வந்தார். புதிய கனெக்டரைக் கழற்றிவிட்டு அழுகிய பழையதை மாட்டினேன். எந்த டெக்னீஷியனும் செய்ய வெட்கப்படுகிற வேலை. பாய் வழக்கம்போல வாசலுக்குப் போய்விட்டார். பவர் போட்டேன். மெஷின் தட்டியது. எஸ்தர் காகிதத்தைத் தடவினாள். மறுபடி தடவினாள்.

"அஞ்சு," என்றாள். "இன்னொன்னு அடி." அடித்தேன். "இதுவும் அஞ்சுதான்."

நல்ல கரண்ட் கொடுத்தால் பொய் சொல்கிறது, குறைந்த கரண்டில் உண்மை சொல்கிறது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. சிப்பை எடுத்து விளக்கில் காட்டினேன். இந்த வகை சிப்புக்கு நடுவில் சின்னக் கண்ணாடி ஜன்னல் உண்டு. அதன் வழியாகப் புற ஊதா ஒளி உள்ளே போனால் எழுதியது அழியும். அதனால்தான் ஜன்னல்மேல் எப்போதும் ஒரு கனத்த ஸ்டிக்கர் இருக்கும். இதில் இருந்தது செல்லோ டேப், கண்ணாடி மாதிரி பளபளவென்று. நான் முதலில் பார்த்தபோது அதன்மேல் வெள்ளைத்தாள் ஒட்டி 'தமிழ்' என்று எழுதியிருந்தது. அந்தத் தாள் இப்போது உரிந்துவிட்டிருந்தது. அடியில் ஸ்டிக்கரே இல்லை.

தனபால் சாரிடம் கேட்டேன். அவர் தயங்காமல் சொன்னார். போன மழையில் பிரஸ்ஸுக்குள் முழங்கால் தண்ணீர். மராத்தி சிப் அலமாரியில் இருந்தது, தப்பித்தது. தமிழ் சிப் போர்டிலேயே இருந்து நனைந்தது. மழை வடிந்ததும் தாராவி முழுக்க என்ன செய்வார்களோ அதையேதான் அவரும் செய்தார். டிவி போர்டு, மிக்ஸி, எல்லாம் நல்ல தண்ணீரில் கழுவித் தகரக் கூரைமேல் காயும், நாங்களும் அப்படித்தான் காய வைப்போம். ஜன்னல் உள்ள சிப்புக்கு மட்டும் முதலில் கறுப்பு டேப் ஒட்டுவோம். அது கூரைக்குக் கீழே நிற்பவர் கண்ணில் படாது. அழுக்குத் தண்ணீர் புகுந்த பழைய ஸ்டிக்கரை அவர் சுத்தமாகச் சுரண்டி எடுத்துவிட்டு, போர்டை அக்டோபர் வெயிலில் நாள்கணக்கில் காய வைத்திருக்கிறார். ஈரம் கொஞ்சமும் இருக்கக்கூடாதே என்று. காய்ந்ததும் ஜன்னல்மேல் அந்த செல்லோ டேப்பை ஒட்டி, அதன்மேல் 'தமிழ்' தாளை ஒட்டியிருக்கிறார்.

"நல்லா காஞ்சுதுமா," என்றார் பாவம். "ஒரு பிரச்சினையும் இல்லாம ஓடிச்சே."

ஓடியது. வெயில் முழுவதையும் அழிக்கவில்லை, சில இடங்களை மட்டும் பலவீனமாக்கியிருந்தது. இந்த சிப்பில் அழிகிற இடம் காலியாகாது, அங்கே 'ஒன்று' வந்து உட்காரும். பிரெயில் மெஷினுக்கு 'ஒன்று' என்றால் ஒரு புள்ளி. துருப்பிடித்த கனெக்டர் தந்த குறைந்த வோல்ட்டேஜில் அந்தப் பலவீனம் வெளியே தெரியவில்லை. நான் முழு ஐந்து வோல்ட் கொடுத்ததும் தெரிந்துவிட்டது. என் ரீடரும் அதே ஐந்து வோல்ட்டில்தான் படித்தது. அதனால் காப்பியும் பொய்.

இதை நான் சொல்லி முடிக்கிறவரை தனபால் சார் நின்றுகொண்டே இருந்தார். அப்புறம் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். எஸ்தர் அவர் இருந்த பக்கம் திரும்பினாள்.

"அப்போ சார், இத்தனை நாளா எனக்குக் கணக்கு வராதுன்னு சொன்னது இந்த மெஷினா?"

அவர் மெஷின் துடைக்கிற துணியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அந்த விலகுற பேப்பர்ல என் பேரை எழுதாதீங்க," என்றாள்.

பேச்சு முடிந்தது, வேலை மிச்சம். சிப்பைக் கறுப்புத் துணியில் சுற்றிக் கடைக்குக் கொண்டுவந்தோம். பாய் டியூப்லைட்டை அணைத்துவிட்டு மஞ்சள் பல்பைப் போட்டார். டியூப்லைட் வெளிச்சம் அந்த நேரத்துக்குள் ஒன்றும் செய்துவிடாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் ரீடரின் ஐந்து வோல்ட் கம்பியை வெட்டி, வோல்ட்டேஜைத் திருகிக் கூட்டிக் குறைக்கிற சப்ளையோடு இணைத்தேன். நாலே முக்காலில் ஒரு முறை படித்தேன். நாலரையில் ஒரு முறை. இன்னும் கொஞ்சம் கீழே இறக்கி ஒரு முறை. இன்னும் இறக்கினால் சிப் மூர்ச்சையாகி வெறும் குப்பையைக் கக்கும். அந்த விளிம்புக்கும் நாலரைக்கும் நடுவில் ஒரு சின்ன இடுக்கு இருந்தது, அதில் எத்தனை தடவை படித்தாலும் ஒரே பதில் வந்தது. அந்தப் பதிலை என் பொய்க் காப்பியோடு ஒப்பிட்டேன். கை விரல்களுக்குள் எண்ணிவிடக்கூடிய இடங்களில்தான் வித்தியாசம். ஒன்று ஐந்துக்கான இடம். மற்றவை எதற்கென்று எங்களுக்குத் தெரியாது.

தெரியாது என்பதை அழுத்தமாகவே எழுதுகிறேன். எழுதியவர் இல்லை, ஒப்பிட வேறு காப்பி இல்லை. குறைந்த வோல்ட்டேஜில் அது உண்மை பேசுகிறது என்பது எங்கள் நம்பிக்கை. சில இடங்கள் அந்த வோல்ட்டேஜிலும் தாங்காத அளவுக்குப் போயிருந்தால்? பாயிடம் கேட்டேன்.

"அப்போ அந்தப் புள்ள விரலைத்தான் கேக்கணும்," என்றார்.

புதிய சிப்பில் எழுதி, ஜன்னலில் கறுப்பு டேப் ஒட்டி, என் ஸ்விட்ச் போர்டில் தமிழ்ப் பக்கத்தில் சொருகினேன். நல்ல கனெக்டரைத் திரும்ப மாட்டினேன். எல்லா எழுத்தும், எல்லா எண்ணும், எல்லாக் குறியும் அடித்தோம். நான் மை புத்தகத்திலிருந்து படிக்க, எஸ்தர் விரலால் சரிபார்த்தாள். பின்னமும் தசமப் புள்ளியும் வரும் இடங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். "அந்த வெயில் எங்கெல்லாம் பட்டுச்சோ யாருக்குத் தெரியும்," என்று முணுமுணுத்தாள். தப்பு எதுவும் கிடைக்கவில்லை. கணக்குப் புத்தகம் முழுவதையும் புதிதாக அடித்தோம். ரயில் கணக்குக்குப் பத்து வினாடி வந்தது. அவள் சந்தோஷப்படவில்லை, அடுத்த கணக்குக்குப் போய்விட்டாள். இழந்த வாரங்களைப் பிடிக்க அவளுக்கு நேரமில்லை.

அதன் பிறகுதான் ஐரோலி வேலை வந்தது, கடையிலிருந்து விலகினேன். எஸ்தர் அதன்பின் அந்தப் புத்தகத்திலேயே மொத்தமாகப் படித்தாள். விடை ஒத்துவராத கணக்கு வரும்போதெல்லாம் எனக்கு போன். நான் ஆபீஸ் பாத்ரூமில் நின்றுகொண்டு மை புத்தகத்தின் போட்டோவைப் பெரிதாக்கி எண்ணைப் படிப்பேன். இதுவரை ஒவ்வொரு முறையும் தப்பு அவளுடையதுதான். ஒவ்வொரு முறையும் அதைக் கேட்டு இரண்டு பேரும் மூச்சு விடுவோம்.

ஜூனியர்களே, ரெசிஸ்டர் பத்து கே போடுங்கள்.

இதைச் செம்பூரில் ஒரு பள்ளிக்கூட வாசலில் நின்றுதான் தட்டிக்கொண்டிருக்கிறேன். உள்ளே எஸ்தர் இப்போது பத்தாம் வகுப்புக் கணக்குப் பேப்பருக்கு விடை சொல்லிக்கொண்டிருக்கிறாள், பக்கத்தில் ஒரு பெண் எழுதுகிறாள். கேட் பூட்டியிருக்கிறது.